பதினெட்டு வயதில் ஏன் திரும்பவில்லை

சாய்ந்தமருதில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் வீட்டுக்கு வழி காட்ட ஆள் கிடைப்பது கடினம். கனடாப் புள்ள என்று கேட்டால் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் ஏற்றிக்கொண்டே வந்து விட்டுவிடுவார். ஒன்பது வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய கிழமையில் யாரோ வைத்த பெயர் அது. இன்று எனக்கே ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் கேற்றடியில் நின்று, "கனடா, நல்ல பாரக்குட்டி இரிக்கி, எடுக்கல்லயா?" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நாட்டுக்கும் எனக்கும் மிச்சமிருப்பது இந்தப் பட்டப்பெயரும், அங்கே தனியாக இருக்கும் வாப்பாவும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கனடா அரசாங்கம் அப்படி நினைத்திருக்கவில்லை என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு டொரோண்டோவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வாப்பா குடியிருக்கும் கட்டடத்தில் பக்கத்து வீடு. "பிள்ளை, பயப்பிடாதேங்கோ" என்றுதான் தொடங்கினார். வாப்பா குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. அதைவிடப் பெரிய விசயத்தை அவர் கடைசியில்தான் மெதுவாகச் சொன்னார். சில மாதங்களாக வாப்பாவுக்கு மறதி. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். பின்னேரம் மூன்று மணியானால் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீழே போய்த் தெருவோரம் நிற்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், மகளின் பள்ளிக்கூட பஸ் வரும் நேரம் என்கிறாராம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: சொந்தக்காரர் யாராவது வந்து கூட இருப்பார்களா? இருந்தால் வாப்பா தன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வயோதிபர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானதும் அனுப்பிவிடுவார்கள். அங்கே தமிழ் கதைக்க ஆள் இருக்காது. கட்டில் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கும் இருக்கலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

நான் ஒரே பிள்ளை. உடனே பார்வையாளர் விசாவுக்குப் போட்டேன். கொழும்புக்குப் போய்க் கைரேகையும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரைக்கும் நான் பேசிய ஆங்கிலம் எத்தனையோ வருடம் பாவிக்காமல் கிடந்து சுருங்கிப்போயிருந்தது. பத்திரிகையும் ரேடியோவுமாகத் திரும்பப் படித்ததை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். உங்களுக்கு விசா தர முடியாது. ஏனென்றால் எங்கள் பதிவேட்டின்படி நீங்கள் இன்னும் எங்கள் நாட்டின் நிரந்தர வதிவாளர்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொந்த வீட்டுக்காரியிடம் எதற்கு விசா என்று கேட்பதுபோல இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் போகவும் வழி இல்லை. கீழே இரண்டு வழி எழுதியிருந்தார்கள். ஒன்று, எனக்கு அந்த உரிமை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதன் பிறகு பார்வையாளராக விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் சில மாதம் இருந்துவிட்டு வரலாம். மற்றது, வதிவாளராகத் திரும்பிப் போவதற்கான பயணப் பத்திரம் கேட்பது. கேட்டால், இத்தனை வருடம் ஏன் வெளியில் இருந்தாய் என்று தோண்டுவார்கள். விளக்கம் பிடிக்காவிட்டால் உரிமையும் போகும், பயணமும் போகும், காலமும் போகும்.

என் கணவர் கல்முனையில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். ஒரு சாமானைக் கழற்றினால் அன்றைக்கே திருப்பிப் பூட்டிவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாப்பாவைப் பார்த்துவிட்டு வாங்க என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பார்த்துவிட்டு வந்த பிறகு? அந்த மூன்று மணிக்குத் தெருவோரம் யார் போய் நிற்பது? நான் கூட இருக்க வேண்டுமென்றால் எனக்கு அந்த உரிமை வேண்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். ஊரே கூடச் சேர்ந்து யோசித்தது. எதிர்வீட்டு மாமி, கனடாவில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கடதாசி இருக்குமாம், உனக்கென்ன என்றார். அவர் எங்கே கேட்டாரோ. மீன்காரர் மீனை நிறுத்துப் போட்டுவிட்டு, "போறதெண்டா முதல்லயே செல்லிப்போடு கனடா, நான் காலமேல இந்த ஒழுங்கையால சும்மா வரத் தேவல்ல" என்றார்.

நான் பயணப் பத்திரத்துக்கே போட்டேன்.

இந்த இடத்தில் நாங்கள் திரும்பி வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் பெண் பிள்ளைக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். பிள்ளை தவழும்போதே அத்திவாரம் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. டொரோண்டோவில் பதினோராம் மாடியில் இரண்டு அறைக்குள் இருந்துகொண்டு உம்மா அதையேதான் நினைத்திருக்கிறார். கடற்கரைப் பக்கம் அவருக்கு ஒரு வளவு இருந்தது. அதில் எனக்கு வீடு கட்ட வேண்டும். கிட்ட நின்று கட்டாத வீடு வீடாக இராது என்பது அவருடைய எண்ணம். மேசன்மாரை அவர் இன்றைக்கும் நம்புவதில்லை.

வாப்பா எங்கள் எல்லாருக்கும் பிரஜாவுரிமைக்குப் போட நினைத்திருந்த வருடத்தில்தான் நாங்கள் கிளம்பினோம். விமான நிலையத்தில் வாப்பா என் ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். இலங்கையில் இது எதற்கு என்று நான் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. எப்போது திரும்புவீர்கள் என்று அவர் உம்மாவிடம் கேட்டார். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வருகிறோம், இரண்டு வருடம் என்றார் உம்மா.

வீடு ஏழு வருடத்தில் முடிந்தது. ஜன்னலுக்குப் பெயின்ற் அடித்து மூன்று மாதத்தில் சுனாமி வந்து அத்திவாரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எங்கள் உயிர் தப்பியது பெரியம்மா வீட்டு மாடியில். கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. எனக்கு அப்போது பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பும் நின்றுபோனது. உம்மா கடற்கரை வளவை விட்டுவிட்டு, வயல் பக்கமாக ஒரு துண்டு வாங்கித் திரும்பவும் முதல் கல்லிலிருந்து தொடங்கினார். வாப்பா அந்தச் செய்தி கேட்டு வந்தார், ஒரு மாதம் எங்களோடு கூடாரத்தில் இருந்தார், வேலைக்குத் திரும்பிப் போனார். அதன் பிறகு வரவில்லை. அவர்களுக்குள் சண்டையும் இல்லை, பிரிவும் இல்லை. வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுப்பார். எடுத்தவுடன் முதல் கேள்வி, "வீடு முடிஞ்சா?" என்பதுதான். உம்மா என்னிடம் கொடுத்துவிடுவார். நான்தான் பதில் சொல்வேன். ஜன்னல் வைத்தாகிவிட்டது வாப்பா, ஓடு போட்டாகிவிட்டது வாப்பா. இருபது வயதில் அந்த வீட்டுக்குள் எனக்குக் கலியாணம் நடந்தது. இப்போது உம்மா என் மகளுக்காக மேல் தட்டுக் கட்டுகிறார். அதனால் வீடு இன்னும் முடியவில்லை.

வாப்பா என்னை ஒரு நாளும் வா என்று கூப்பிட்டதில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் அது எனக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள் நிறம் கனவில் வரும். வாப்பாவுக்கு நான் தேவையில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். பிறகு கலியாணம், பிள்ளை, வீட்டு முன்னறையில் மருதமுனைச் சாரிகள் வைத்து விற்கிற சின்ன வியாபாரம். முள் மேல் தோல் மூடிவிட்டது.

விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. தினமும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பாயில் இருந்தபடியே கைபேசியைத் திறப்பேன். அது அங்கே முன்னிரவு, அவர்களுடைய கந்தோர் மூடியிருக்கும், அப்போதுதான் ஏதாவது வந்திருக்கும் என்று ஒரு கணக்கு. மின்னஞ்சல் பெட்டியில் செருப்பு விளம்பரம் வந்திருந்தால்கூடத் திறந்து பார்த்துவிடுவேன். பிறகு வாப்பாவின் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எடுத்து, அவரிடம் கொடுக்கச் சொல்வேன். சில நாள் நல்லாகக் கதைப்பார். சில நாள், "ஆரு?" என்பார். அந்த ஆரு என்ற கேள்விகள் கூடிக்கொண்டே வந்தன. அக்கா ஒரு நாள், இல்லத்துப் பட்டியலில் ஐயாவுக்கு முன்னால் நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்றார்.

மூன்றாம் மாதம் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. முடிவு இல்லை, கேள்விகள். நாட்டை விட்டுப் போகும் முடிவை எடுத்தது யார்? உங்களிடம் கேட்கப்பட்டதா? பதினெட்டு வயதாகிச் சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகும் ஏன் திரும்பவில்லை? அதே வயதில் உங்கள் பெயரில் ஒரு வீடு எழுதப்பட்டிருக்கிறது, அங்கேயே தங்குவதென்று தீர்மானித்துவிட்டீர்கள் என்று அதை எடுத்துக்கொள்ளலாமா? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்வியை வாசித்தபோது நான் இருந்தது அதே வீட்டின் முன்னறையில். சொத்து விபரம் என்ற இடத்தில் நேர்மையாக எழுதிய என் கையை நானே பார்த்துக்கொண்டேன்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், ஆங்கிலக் கடிதம். நடத்துகிறவள் பாண்டிருப்புப் பிள்ளை, என்னை விட ஆறேழு வயது குறைவு, கை கொம்பியூட்டரிலும் வாய் வாசலிலும் இருக்கும். முதல் விண்ணப்பத்தையும் அவள்தான் நிரப்பித் தந்திருந்தாள். கடிதத்தை வாசித்துவிட்டு, வீட்டைப் பற்றி எழுத வேண்டாமென்று அண்டைக்கே நான் சொன்னேனே அக்கா என்று ஒரு பேச்சுப் பேசினாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இவங்களுக்கு அழுகை வேணும் அக்கா. ஆனா பந்தி பிரிச்சு, பின்னால சான்று வெச்ச அழுகை. உங்கட உம்மாட்ட ஒரு சத்தியக் கடதாசி எடுக்கணும். புள்ளைக்கு ஒண்டும் தெரியா, எல்லாம் நான்தான் செஞ்சன் எண்டு அவ சொல்லணும். மறுகா பாருங்க."

அவள் எழுதித் தந்த கடதாசி நல்ல ஆங்கிலம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உம்மா மேல் தட்டில் புதுக் கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையில் குழாய், மறுகையால் அபாயாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். தாயாகிய நான், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல், தகப்பனிடமிருந்து பிரித்து, அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிய யோசனை இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுவந்தேன். நான் அந்த இடத்துக்கு வரும்போது குழாயின் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து குழி பறித்துக்கொண்டிருந்தது.

"யோசன இல்லாம?" என்றார் உம்மா.

அது சும்மா எழுதுகிற முறை உம்மா, கடிதத்துக்காக என்றேன்.

"நான் புள்ளயக் களவெடுத்திட்டு வந்த மாதிரி இரிக்கி. அல்லாவுக்கு முன்னால சத்தியம் பண்ணி இதுல கையெழுத்து வெக்க எனக்கு ஏலா."

நான் கெஞ்சினேன். கோபப்பட்டேன். வாப்பாவைப் பற்றிச் சொன்னேன், பட்டியலில் முன்னால் நாலு பேர் என்று சொன்னேன். உம்மா குழாயை அடுத்த தூணுக்குக் கொண்டுபோனார். பத்து நாள் நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் தேவைக்கு மட்டும் கதைத்தோம். உப்பு எங்கே, மகள் சாப்பிட்டாளா, மேசன் வந்தாரா. என் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உம்மும்மா உங்களோட கோவமா என்று என்னிடமும், உம்மா உங்களோட கோவமா என்று அவரிடமும் கேட்டாள். இரண்டு பேரும் இல்லை என்றோமாம். அவளே வந்து சொன்னாள்.

முப்பதில் இருபத்தாறு நாள் போய்விட்டது. உம்மாவின் கடதாசி இல்லாமலே அனுப்பிவிடுவோம் என்று நான் கல்முனைக்குப் போனேன். பதினெட்டு வயதில் ஏன் திரும்பவில்லை என்ற இடத்தில் கடைக்காரப் பிள்ளை விரலை விசையில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். கூடாரம், பிறகு தற்காலிகக் கொட்டில், கடதாசி இல்லை, நாட்டில் சண்டை, வாப்பா கூப்பிடவும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் உதட்டைப் பிதுக்கினாள். எல்லாம் உண்மைதான் அக்கா, ஆனா இது எல்லாருக்கும் நடந்த உண்மை என்றாள்.

அந்த நேரம் வாசலில் உம்மா நின்றார். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். அபாயாவின் ஓரத்தில் சீமெந்து. கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் என் வீட்டு உறுதிப் பத்திரம். என்னைப் பார்க்காமல் நேரே கொம்பியூட்டருக்கு முன்னால் போய், மிச்சமிருந்த ஒரே கதிரையில் இருந்தார்.

"மகள், நான் செல்றன். நான் செல்றத மட்டும் எழுதுங்க. நீங்க ஒண்டும் கூட்டப் போடாதீங்க."

கடைக்காரப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

உம்மா சொல்லத் தொடங்கினார். எழுதி வைத்து மனனம் செய்ததுபோல நின்று நின்று சொன்னார். தனக்கு ஒரே ஒரு பெண் பிள்ளை என்பது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டும் வழக்கம். வீடு இல்லாவிட்டால் பிள்ளையை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று தான் பயந்தது. பிள்ளை விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் அழுதது. அதை நான் மறந்திருந்தேன். இரண்டு வருடத்தில் திரும்புவோம் என்று பிள்ளைக்குச் சொன்னதாகவும், அது பொய் இல்லை, தானும் அப்படித்தான் நினைத்ததாகவும் சொன்னார். கடைக்காரப் பிள்ளை வேகமாக ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே வந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுகா, புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்ச கிழம இவட வாப்பா எடுத்தாரு. புள்ள பள்ளிவாசலடியில நிவாரணச் சாமான் எடுக்கப் போயிருந்தா. இனிப் புள்ள பெரிய ஆள், வந்து கேட்டா விடுவாங்க, நான் ஆள் வெச்சுக் கேட்டுட்டன், டிக்கட்டும் போட்டுத் தாறன், புள்ளைய அனுப்பு எண்டாரு. புள்ளைக்கு வர விருப்பமில்ல எண்டு நான் செல்லிட்டன். புள்ளைட்ட நான் கேக்கல்ல."

விசைகளின் சத்தம் நின்றது. வெளியே பொத்துவில் பஸ்காரர் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று கூவிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க மகள். ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றார் உம்மா. குரல் மாறவில்லை. "அந்த மாசம்தான் வீட்டப் புள்ளைட பேருக்கு உறுதி எழுதினன். கூரையும் போடல்ல, நாலு சுவர்தான். இந்தா இரிக்கி, திகதியப் பாத்து எழுதுங்க. வீடு அவ கேட்டு வாங்கினதில்ல. அவ போயிருவா எண்டு பயந்து நான் எழுதினது."

எனக்கு என்ன வந்தது என்று நேராகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வந்தது கோபம் இல்லை. திரையில் அவள் அடித்திருந்த வரியில் ஒரு சொல் பிழையாக இருந்தது, அதைத்தான் சுட்டிக் காட்டினேன். அவள் திருத்தினாள். அதன் பிறகுதான் விளங்கியது. வாப்பா கூப்பிட்டிருக்கிறார். பத்தொன்பது வருடமாக, வாப்பாவுக்கு நான் தேவையில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு வர விருப்பமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்து, வீடு முடிஞ்சா என்று கேட்டிருக்கிறார்.

சத்தியக் கடதாசிகளுக்கு முத்திரை வைக்கிற சமாதான நீதவான் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார், அவருக்கு முன்னால் உம்மா கையெழுத்து வைத்தார். அவர் தமிழில் ஒரு தரம் வாசித்துக் காட்டி, எல்லாம் உங்கட வாயால் சொன்னதுதானா என்று கேட்டார். ஓம் என்றார் உம்மா. களவெடுத்த மாதிரி இருக்கிறது என்று இந்தக் கடதாசிக்கு அவர் சொல்லவில்லை.

பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கும் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு வந்தோம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு என்ன தூரம், நடந்தே வரலாம். அன்றைக்கு அந்தப் பாதை முடியவே இல்லை. ஏன் உம்மா என்று ஒரு தரம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, முகாமில் நானூறு பேருக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்த காலம் புள்ள, நீயும் போனா நான் ஆருக்கு வீடு கட்டுற என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கோபம் பிறகு வந்தது, இரண்டு கிழமை இருந்தது, இப்போதும் சில நாள் மசாலா அரைக்கும்போது வரும்.

அதைவிடப் பெரியது பயம். முன்பெல்லாம் வாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் பயந்தேன். இப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது, கேட்டு விளங்கிக்கொள்ளும் வாப்பா நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போனார். தொலைபேசியில் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். வாப்பா, என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்றேன். அவர், இங்கே நல்ல பனி, வெளியில் போகாதே என்றார். அங்கே பனிக்காலம் தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன. முகத்தைப் பார்த்துச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன். நினைப்புத்தான்.

பதில் அனுப்பி ஐந்து கிழமை. பட்டியலில் நாலு பேர் இரண்டு பேரானார்கள். முதலிலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று சொல்லாமல் இருப்பதற்கு என் கணவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. சாரி வாங்க வந்தவர்கள் நீலத்தைக் கேட்டால் நான் பச்சையை எடுத்துக் காட்டினேன். ஒரு நாள் காலை தொழுகைப் பாயில் கைபேசியைத் திறந்தேன். வாசித்தேன். நம்பிக்கை இல்லாமல் கடைக்காரப் பிள்ளைக்கு அனுப்பினேன். அவள் எடுத்து, "அக்கா, பாஸ்போட்ட அனுப்பட்டாம். தந்திட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாக, உம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா என்று கேட்டாள்.

பயணப் பத்திரத்தோடு பாஸ்போட் திரும்பி வந்தது. ஒரு தடவை உள்ளே போவதற்கு மட்டும் ஆன பத்திரம் அது. போய் அங்கே தங்கியிருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இதே கதை. மகள் வருடப் பரீட்சை முடியும் வரைக்கும் உம்மாவோடும் தகப்பனோடும் இருப்பாள் என்று முடிவாயிற்று. எத்தனை நாளில் வருவீங்க உம்மா என்று அவள் கேட்டபோது என் வாயில் ஒரு எண் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். தெரியாது மகள், தினமும் காலையில் எடுப்பேன் என்றேன். உனக்கு என்னோடு வர விருப்பமா, இங்கே இருக்க விருப்பமா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

டிக்கட் வாங்கிய அன்று வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியை அவர் காதில் பிடித்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், உம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரு?" என்றார் வாப்பா.

மகள் வாப்பா, நான் வாறன் என்றேன்.

வாப்பா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "வீடு முடிஞ்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் உம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அந்தத் தொலைபேசியை வாங்கியது அன்றைக்குத்தான். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"இன்னும் முடியல்ல. மேல் தட்டுப் பூசணும். புள்ளைய அனுப்புறன்."

நான் உம்மாவைப் பார்க்கவில்லை, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாப்பாவின் குரல் வந்தது, நாள்கணக்கில் கேட்காத தெளிவோடு.

"குளிர் தொடங்கிட்டு. ஜக்கெட் வாங்கி வெக்கணும். புள்ள இப்ப என்ன உசரம்?"

உம்மா என்னை உச்சியிலிருந்து கால் வரைக்கும் ஒரு தரம் பார்த்தார்.

"என்ன விட உசரம்" என்றார். "பெருசா வாங்குங்க."